இடம் மாறிய இரக்கம்

அடைக்கலம் தேடி வந்தவரைக் காத்தல் எல்லாச் சமயத்தாரும் போற்றும் அறம். ஆயின், தஞ்சம் புகுவோன் யார், அவனைத் துரத்தி வருவது எது என்று கேளாமலே கதவைத் திறக்கலாமா? அலோய்ஸ் ஹூடால் என்னும் கத்தோலிக்க ஆயரின் வரலாற்றைப் படிக்குந்தோறும் இவ்வினா நம்மை அலைக்கழிக்கிறது.

1885இல் ஆஸ்திரிய நாட்டுக் கிராஸ் நகரில் பிறந்த ஹூடால் ஆழ்ந்து கற்றவர். 1923 முதல் உரோமாபுரியில் ஜெர்மன் மொழியினருக்கான குருத்துவக் கல்லூரிக்குத் தலைவராய் இருந்தார், 1933இல் ஆயரானார். நாஜிக் கொள்கையையும் கிறித்தவத்தையும் இணக்கப்படுத்த முயன்று நூலொன்றும் எழுதினார். 1943 அக்டோபர் 16 அன்று உரோமையில் யூதர்கள் வளைத்துப் பிடிக்கப்பட்டபோது, கைதுகளை நிறுத்தக் கோரி ஜெர்மன் தளபதிக்குச் சென்ற கடிதத்தில் அவர் கையொப்பம் இருந்தது. பிடிபட்டோரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இரண்டே நாளில் ஆஷ்விட்ஸ் முகாமுக்கு ஏற்றப்பட்டனர். எனவே, கொடுமையை அறியாதவர் என்று அவரைச் சொல்ல இயலாது.

போருக்குப் பின் அவர் செய்ததென்ன? திரெப்ளிங்கா கொலை முகாமின் தலைவனாயிருந்த ஃபிரான்ஸ் ஸ்டாங்கல் 1948இல் ஆஸ்திரியச் சிறையினின்று தப்பி அவரிடம் வந்தான். அவனுக்குத் தங்க இடமும், செஞ்சிலுவைச் சங்கப் பயணத்தாளும், டமாஸ்கஸில் ஆலை வேலையும் ஹூடால் ஏற்பாடு செய்து தந்தார். அவன் சென்றிறங்கிய ஊர் முஸ்லிம்கள் வாழும் ஊர் என்பதை நாம் மறைக்கலாகாது. நீதியின் தராசை அயலார் வீட்டில் மட்டும் தூக்கிப் பிடிப்பது நேர்மையன்று. அதே உரோமையில் எத்தனையோ கன்னியர் மடங்களும் துறவியர் இல்லங்களும் யூதர்களை ஒளித்துக் காத்தன என்பதையும் சொல்லியாக வேண்டும்.

வென்றவர் நடத்தும் விசாரணை பழிவாங்கலே என்பது ஹூடாலின் வாதம். அவர் 1963இல் மறைந்தார்; 1976இல் வெளிவந்த அவர்தம் நினைவுக் குறிப்புகளில் தம் உதவியைப் பெருமையுடனேயே குறிப்பிடுகிறார். வழக்குமன்றம் தவறிழைக்கும் என அஞ்சினால், அங்கே சென்று குற்றஞ்சாட்டப்பட்டோனுக்காகச் சான்று சொல்லலாம். மன்றமே கூடாதபடி அவனைக் கடல் கடத்துவது எவ்வாறு அறமாகும்?

பல்லாண்டுகளாய் அரபி கற்பிக்கும் நாம், ‘ளுல்ம்’ என்ற சொல்லுக்கு மாணவர்க்குப் பொருளுரைக்கும்போது ‘கொடுமை’ என்பதோடு நிறுத்துவதில்லை. ஒரு பொருளை அதற்குரிய இடத்தில் வையாது வேறிடத்தில் வைத்தலே அதன் அடிப்பொருள் என்பர் அரபி அகராதி வல்லார். நற்பொருளும் இடம் மாறினால் அநீதியாகும். திரெப்ளிங்காவில் மாண்டோர் எட்டு இலட்சத்துக்கு மேற்பட்டோர். உயிர் பிழைத்தோர் மிகச் சிலர். அவர்களுக்குரிய இரக்கத்தை எடுத்துத்தான் ஆயர் ஸ்டாங்கலுக்கு ஈந்தார்.

1951இல் பிரேசிலுக்குக் குடிபெயர்ந்த ஸ்டாங்கல் அங்கே தன் சொந்தப் பெயரிலேயே வாழ்ந்தான். 1967இல் பிடிபட்டான், 1970இல் ஜெர்மனியின் டுஸ்ஸல்டார்ஃப் நகரில் ஆயுள் தண்டனை பெற்றான், மறு ஆண்டே சிறையில் மாண்டான். ஆயர் அளித்த உதவியால் அவனுக்குக் கிடைத்தவை பத்தொன்பது ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் பிள்ளைகளை இழந்த பெற்றோர் நீதிக்குக் காத்திருந்தனர். அவர்களுள் எத்தனை பேர் காத்திருந்தபடியே கண்மூடினரோ! சமய அங்கி அணிந்தோர் யாராயினும், கதவைத் திறக்குமுன் அவர்களை நினைத்துப் பார்த்தல் கடன்.