வராதவங்க கணக்கு

என் ஓபிக்கு வர்ற பிரஷர் நோயாளிகள் பெரும்பாலும் கன்ட்ரோல்லதான் இருக்காங்கன்னு நம்பிட்டு இருந்தேன். அப்போதான் தமிழ்நாட்டில் 2020ல் எடுத்த ஸ்டெப்ஸ் கணக்கெடுப்பைப் படிச்சேன். பிரஷர் உள்ளவர்களில் அது கட்டுக்குள் இருப்பது வெறும் 7.3 சதவீதம் பேருக்கு! சர்வேதான் தப்புன்னு முதல்ல நினைச்சேன் (டாக்டர் புத்தி).

யோசிச்சுப் பாருங்க. நான் பார்ப்பது மாத்திரை வாங்க வருபவர்களை மட்டும். அவங்க வீடு வீடாப் போய் அளந்தாங்க. பிரஷர் இருப்பதே தெரியாதவர், "தலைசுத்தல் நின்னுடுச்சு"ன்னு மாத்திரையை விட்டவர், எல்லாரும் அந்தக் கணக்கில் உண்டு.

பழைய நோட்டைப் புரட்டினேன். ஆறு மாசமா வராத ஒரு ஆட்டோ ஓட்டுற அண்ணன். போன் போட்டா அவர் மனைவி எடுத்தாங்க. பக்கவாதம் வந்து ரெண்டு மாசம் ஆச்சாம். என் நோட்டில் அவரோட கடைசி ரீடிங் 130/80. என் கணக்குப்படி அவர் 'கன்ட்ரோல்'.

2025க்குள் 7.5 கோடி பிரஷர், சுகர் நோயாளிகளுக்குத் தரமான சிகிச்சை என்று மத்திய அரசு இலக்கு வச்சது. பேர் பதிஞ்சதை மட்டும் எண்ணினா அந்த அண்ணனும் அதில் ஒருத்தர்தான்.

இப்போ மாசக் கடைசியில் வராதவங்க லிஸ்ட்டை எடுத்து நர்ஸ் அக்கா போன் போடுறாங்க. போன மாசம் பதினோரு பேர். நாலு பேர் திட்டினாங்க. மூணு பேர் வந்தாங்க.