பாபநாசத்துப் பழந்துணி

பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல்சேரும் தாமிரபரணி ஏறத்தாழ 128 கிலோமீட்டர் ஓடுகிறது. மலையிறங்கியதுமே, பாபநாசம் படித்துறையில், நீத்தார் கடன் முடித்தோர் உடுத்த துணியை நீரில் விட்டுச் செல்கின்றனர். பாறையிடுக்குகளில் சிக்கிய அத்துணிகளை அகற்ற, மாணவர்களோடு ஒரு ஞாயிறன்று நாமும் இறங்கினோம். சேலையும் வேட்டியும் கரையில் குவிந்தன. பாலியெஸ்டர் கலந்தவை, எளிதில் மட்குவதில்லை.

"இதையெல்லாம் யார் ஐயா போடுகிறார்கள்?" என்றான் ஒரு மாணவன்.

நமக்கு நா எழவில்லை. தந்தையாருக்குக் கடன் கழித்த அன்று, இதே படியில்தான் நாமும் வேட்டியை ஆற்றோடு விட்டோம். சற்றுப் பொறுத்து அதைச் சொன்னோம். அவன் ஒன்றும் பேசாமல், நீருக்குள் கிடந்த துணியொன்றின் மறுமுனையை நம்மிடம் நீட்டினான். இருவருமாக இழுத்தோம்.

வெயில் ஏறியதும் அவ்விடத்திலேயே முங்கிக் குளித்தோம். காலில் துணி தட்டவில்லை, கூழாங்கல் தட்டியது.