முதலில் அந்தக் கத்தியைக் கீழே வை

அன்புள்ள செல்விக்கு,

போனில் நீ அழுத அழுகையில் நான் சொன்னது எதுவும் உன் காதில் ஏறவில்லை. அதனால்தான் நிதானமாக எழுதி அனுப்புகிறேன். படித்து முடிக்கும்வரை எதையும் தொடாதே.

சிக்கிய கேமரா எஸ்டி கார்டை எடுக்க, காய் நறுக்குகிற கத்தியை விட்டு ஐமேக்கின் சிடி வாயை நோண்டினாய் என்று மாப்பிள்ளை சொன்னதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது. உள்ளே சிடியைப் படிக்கிற லென்ஸ் மிளகளவுதான் இருக்கும். கத்தி பட்டால் அது போச்சு. கார்டின் பின்புறம் தங்க நிறத்தில் இருக்கிற பட்டைகளில் கீறல் விழுந்தால் அதைவிட மோசம்.

கார்டு தவறான வாய்க்குள் போனதற்காக உன்னையே திட்டிக்கொள்ளாதே. 2009 கடைசியில் வந்த ஐமேக்கிலிருந்து சிடி வாயையும் கார்டு வாயையும் வலது ஓரத்தில் மேலும் கீழுமாக வைத்துவிட்டார்கள். ரிசப்ஷன் முடிந்து நடுராத்திரி வந்து, தூக்கக் கண்ணோடு தடவிச் செருகினால் யாருக்கும் இப்படித்தான் ஆகும். 2012 மாடலில் சிடி டிரைவையே எடுத்துவிட்டு, கார்டு வாயைப் பின்பக்கம் கொண்டுபோனார்கள்.

கல்யாணப் படங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. கார்டுக்குள் சுழல்கிற பாகம் எதுவும் கிடையாது, எல்லாம் சிப்பில் பதிந்திருக்கிறது. உள்ளே கிடப்பதாலேயே ஒரு படம்கூட அழியாது. கார்டு உடைந்தாலோ கீறினாலோதான் ஆபத்து.

இப்போதே மெஷினை ஷட் டவுன் செய்து வயரைப் பிடுங்கு. மறுபடி ஆன் செய்தால் சிடியை இழுக்கிற ரோலர் சுற்றி, கார்டை இன்னும் உள்ளே தள்ளிவிடலாம். மவுஸை அமுக்கிக்கொண்டே ஆன் செய்யலாம் என்று கடைப் பையன் சொன்னானாமே, அது சிடி சிக்கினால் செய்கிற வேலை. காந்தமும் வேண்டாம், கார்டு பிளாஸ்டிக்.

உன்னுடையது 27 அங்குலம், 14 கிலோவுக்குக் கிட்டே வரும். மாப்பிள்ளையும் ஒரு பக்கம் பிடிக்கட்டும். வலது ஓரம் கீழே பார்க்கும்படி சாய்த்து, மெதுவாக ஆட்டுங்கள். அந்த வாய் 12 செ.மீ. சிடி நுழைகிற அகலம், கார்டோ 24 மி.மீ.தான். எந்தப் பக்கம் ஒதுங்கிக் கிடக்கிறதோ, டார்ச் அடித்துப் பார். கண்ணுக்குத் தெரிந்தால் ஒரு விசிட்டிங் கார்டின் நுனியில் மட்டும் டபுள் சைடு டேப் ஒட்டி உள்ளே விட்டு, எஸ்டி கார்டின் மேல் லேசாக அழுத்தி இழு. வாய் ஓரத்தில் இருக்கிற துணிப்பட்டையில் டேப் ஒட்டிக்கொள்ளும். அப்படி ஆகாமல், இன்னொரு விசிட்டிங் கார்டால் அந்தப் பட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொள்.

வரவில்லையென்றால் விட்டுவிடு. முன்பக்கக் கண்ணாடி காந்தத்தில்தான் நிற்கிறது, கழற்றுவது சுலபம் என்று தோன்றும். உள்ளே இருக்கிற பவர் சப்ளையில் வயரைப் பிடுங்கிய பிறகும் மின்சாரம் தங்கியிருக்கும். அதில் நீ கை வைக்க வேண்டாம். சனி ராத்திரி பஸ் ஏறி நானே வருகிறேன்.

யாஷிகா கேமராவில் பிலிம் ரோல் சிக்கினால் அப்பா இருட்டறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாரே, ஞாபகமிருக்கிறதா? கல்யாண வீட்டுக்காரர்கள் வெளியே நின்று சத்தம் போட்டாலும் அவர் கை பதறாது. கதவுக்குக் காவல் நீதான்.

பெண் வீட்டாரிடம் இருக்கிறதை இருக்கிறபடியே சொல்லிவிடு. நீ சொல்லத் தயங்கினால் நான் பேசுகிறேன். முகூர்த்த மாதம் என்றால் தூங்கவே கூடாது என்று யார் சொன்னது? உன் குரலே சரியில்லை, எனக்கு அந்தக் கவலைதான் பெரிது. இனிமேல் ராத்திரியில் கார்டைக் கையில் எடுக்காதே, காலையில் காப்பி பண்ணிக்கொள்.

வயரைப் பிடுங்கிவிட்டாயா என்று உடனே ஒரு வரி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்