அணையாத மஞ்சள் விளக்கு

விளக்கு என்றால் மங்களம் என்பது நம்மவர் கொள்கை. ஆயினும் மோட்டார் வண்டியில், ஓட்டுகிறவர் கண்ணெதிரே எஞ்சின் வடிவமாகத் தோன்றும் மஞ்சள் விளக்கு எரிந்தால், குடும்பத் தலைவருக்கு முதலில் ஞாபகம் வருவது பணப்பைதான். அணைத்துவிட்ட பிறகும் இரண்டு வாரத்தில் மறுபடி எரியும் விளக்கென்றால் சொல்லவே வேண்டாம். அதன் மேல் கறுப்புக் காகிதம் ஒட்டிவிடும்படி நமக்கு யோசனை சொன்ன அன்பர்களும் உண்டு. நாமோ விளக்கின் கட்சியில் நின்று சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறோம்.

முதலில் ஓர் எச்சரிக்கை. இவ்விளக்கு விட்டு விட்டு மின்னினால், எஞ்சினில் பெட்ரோல் சரிவர எரியவில்லை என்று பொருள். பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்திவிடுவதே விவேகம். நிலையாக எரிந்து, ஓட்டத்தில் யாதொரு மாறுதலும் தெரியாவிடில், பெட்ரோல் ஆவி எங்கேனும் கசிவது காரணமாக இருக்கலாம். நமது வண்டிக்கு நேர்ந்தது அதுவே.

கற்பூரத்தைத் திறந்து வைத்தால் காற்றோடு போய்விடும் என்றுதான் நம் வீட்டில் மிளகு போட்டு மூடி வைக்கிறார்கள். பெட்ரோலின் சுபாவமும் அத்தகையதே. தொட்டியில் எழும் ஆவியைக் கரி நிறைந்த ஒரு டப்பா உறிஞ்சி வைத்துக் கொள்கிறது. எஞ்சின் ஓடும்போது ஒரு வால்வு திறந்து அந்த ஆவியை எஞ்சினுக்கு அனுப்ப, அது அங்கே எரிந்து போகிறது. மற்றொரு வால்வு டப்பாவுக்குள் வெளிக்காற்றை விடுகிறது. வண்டியிலுள்ள கணிப்பொறி அவ்வப்போது இரண்டையும் அடைத்து, உள்ளே அழுத்தம் நிலைக்கிறதா என்று சோதிக்கிறது. அரை மில்லிமீட்டர் துவாரம் இருந்தாலும் கண்டுபிடித்து விளக்கேற்ற வல்லது அது.

இத்தனை கண்டிப்பு எதற்காக? நாம் வசிக்கும் லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் சரித்திரமே இதற்கு விடை. 1943-ம் வருஷம் ஜூலை மாதத்தில் கண்ணைக் கரிக்கும் மூட்டம் ஒன்று ஊரைச் சூழ்ந்தது. யுத்த காலமாதலால், பகைவர் விட்ட விஷ வாயுவோ என்று ஜனங்கள் அஞ்சினார்கள். பின்னர், 1950-ஐ அடுத்த ஆண்டுகளில், ஆரி ஹாகன்-ஸ்மிட் என்னும் ரஸாயனப் பேராசிரியர் உண்மையை விளக்கினார். எரியாத பெட்ரோல் ஆவியும் வண்டிகளின் புகையும் வெயிலில் சேர்ந்து ஓஸோன் முதலியவற்றை உண்டாக்குகின்றன என்றார். பகைவர் ஊராரின் வண்டிக் கொட்டகைகளிலேயே குடியிருந்தார்!

நமது வண்டியைப் பார்த்த முதல் பட்டறையார், கணிப்பொறியில் 'பி 0456' என்ற குறியைக் கண்டு, மிகச் சிறிய கசிவு என்று சொல்லி, பெட்ரோல் மூடியை மாற்றி, குறியை அழித்து அனுப்பினார். பதினைந்து நாளில் விளக்கு திரும்பி வந்தது. அடுத்தவர் அனுமானத்தின் மேல் ஒரு வால்வை மாற்றினார். விளக்கு அதையும் மதிக்கவில்லை.

இதற்குள் வண்டியின் புகைப் பரிசோதனைக்குத் தவணை நெருங்கிவிட்டது. விளக்கு எரிந்தால் கலிபோர்னியாவில் வண்டி தேறாது. குறியை அழித்தாலோ, கணிப்பொறி செய்து முடித்த சுய சோதனைகள் யாவும் அழிந்துவிடும். அவை மீண்டும் முடிந்திருக்க வேண்டும். ஆனால் 2000-ம் ஆண்டுக்குப் பிந்திய பெட்ரோல் வண்டிகளுக்கு, ஆவிச் சோதனை ஒன்று மட்டும் முடியாதிருப்பினும் பாதகமில்லை. இந்தச் சந்தில் நுழைந்து தப்பிவிடலாம் என்று நமக்கு உபதேசம் நடந்தது. சட்டம் திருப்தியடையும், வாஸ்தவம். ஆவி கசிந்துகொண்டேதான் இருக்கும். அயலார் குழந்தைகள் சுவாசிக்கும் காற்றுக்குச் சான்றிதழ் காட்டிச் சமாதானம் சொல்ல முடியுமா?

மூன்றாவது மெக்கானிக் கருவியைத் தொடுமுன் கேள்விகள் கேட்டார். பெட்ரோல் போட்டதும் வண்டி கிளம்பத் தகராறு செய்கிறதா? ஆமெனில் எஞ்சினுக்கு ஆவி அனுப்பும் வால்வு மூடவில்லை. பெட்ரோல் போடும்போது குழாய் அடிக்கடி தானாக நின்று விடுகிறதா? ஆமெனில் காற்று வழி அடைபட்டிருக்கிறது. நின்ற பிறகும் விளிம்பு வரை நிரப்புகிறீர்களா? அப்படிச் செய்தால் கரியில் பெட்ரோல் ஏறி அது கெட்டுப்போகும். மூன்றுக்கும் இல்லை என்றோம். உடனே அவர் மெல்லிய அழுத்தத்தில் குழாய்களுக்குள் புகையைச் செலுத்தினார். வண்டிக்கு அடியில், கரி டப்பாவின் அருகே, ரப்பர்க் குழாயின் வளைவிலிருந்து ஊதுவத்திப் புகைபோல் ஓர் இழை எழுந்தது. மயிரிழை போன்ற வெடிப்பு! புதுக் குழாயின் விலை, அனாவசியமாக மாற்றிய வால்வின் விலையில் ஒரு சிறு பங்குதான்.

பிறகு தொட்டியைப் பாதியளவு வைத்து, இரவெல்லாம் வண்டியை ஓய்வாக நிறுத்தி, காலையில் நிதானமாக ஓட்டினோம். சில நாட்களில் ஆவிச் சோதனையும் முடிந்து, வண்டி சந்து பொந்து எதுவும் நாடாமல் தேறிற்று.

பாரத தேசத்திலும் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ். 6 விதிகள் அமலில் உள்ளன. பரிசோதனை முறைகள் வேறாயினும், இங்குள்ள பெட்ரோல் கார்களில் இருப்பது போன்ற கரி டப்பாவும் மஞ்சள் விளக்கும் அங்குள்ள கார்களிலும் இருக்கின்றன. ஆகவே நேயர்களுக்கு ஒரு விண்ணப்பம்: எந்த உறுப்பையும் மாற்றச் சம்மதிக்குமுன், "இது கெட்டதென்று எந்தச் சோதனையில் தெரிந்தது?" என்று கேளுங்கள். விடை சொல்பவரிடம் வண்டியை ஒப்படையுங்கள். சொல்லத் தயங்குபவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.