வால்பாறையின் இரவு விருந்தாளிகள்

ஆழியாற்றிலிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் வால்பாறை. அங்குள்ள தேயிலையைப் பற்றியும் சிங்கவால் குரங்கைப் பற்றியும் எழுதாதவர் இல்லை. ஆனால், மழை விட்ட இரவில் எஸ்டேட் வீட்டு வராந்தா விளக்கடியில் கூடும் கூட்டம் இருக்கிறதே, அதைப் பார்க்கவே தனியாக ஒரு முறை போகலாம்!

எல்லாவற்றையும் 'விட்டில்' என்று நாம் ஒரே பெயரில் முடித்து விடுகிறோம். உற்றுப் பார்த்தால் தானே தெரிகிறது! பட்டாம்பூச்சியின் உணர்கொம்பு தீக்குச்சி போல நுனியில் தடித்திருக்கும். விட்டிலுக்கு அநேகமாக நூல் போலவோ இறகு போலவோ இருக்கும். இளம்பச்சை நிறமும் பின்னால் நீண்ட இரட்டை வாலும் இருந்தால் நிலா விட்டில். முதுகில் மண்டையோடு வரைந்தாற்போல் இருந்தால், தேன்கூட்டில் புகுந்து திருடும் ஆசாமி. தொட்டால் 'கீச்'சென்று கத்தவும் செய்யும்.

நான் போயிருந்த அன்று சுவரில் வந்து உட்கார்ந்தது அட்லஸ் விட்டில். விரித்தால் கிட்டத்தட்ட ஒரு சாண். செங்கல் நிறம். ஒவ்வோர் இறக்கையிலும் முக்கோணமாய் ஒரு கண்ணாடி ஜன்னல். முன் இறக்கையின் நுனியோ, நாகம் தலை தூக்கிப் பார்ப்பது போலவே இருக்கிறது.

சமையற்கார ஆயா துடைப்பத்தை ஓங்கி விட்டாள். "பாம்பு மூஞ்சிம்மா! வீட்டுக்கு ஆகாது!"

"இருங்க ஆயா!" என்று வீட்டு அம்மாள் தடுத்தாள். "கொம்பைப் பாருங்க. ஆணுக்கு அகலமா, இறகு மாதிரி இருக்கும். இதுக்கு ஒல்லியா இருக்கு. வயிறும் பருத்திருக்கு. முட்டைக்காரி."

இந்தப் பிராணிக்குச் சாப்பிட வாயே கிடையாது என்றால் நம்புவீர்களா? புழுவாக இருந்தபோது தின்று சேர்த்த கொழுப்புதான் ஆயுள் முழுவதற்கும் ஆகாரம். அந்த ஆயுளும் ஒன்றிரண்டு வாரங்களே. அதற்குள் ஜோடி சேர்ந்து, முட்டையிட்டாக வேண்டும். விளக்கைச் சுற்றியே ஓர் இரவு கழிந்தால் அதற்கு எத்தனை நஷ்டம், கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்கள் பீரோவில் டஸ்ஸர் சேலை இருந்தால், அந்த நூலைத் தந்த காட்டுப் பட்டுப்பூச்சியும் இதன் குடும்பம்தான்!

ஆயா துடைப்பத்தை மூலையில் சாத்தினாள். "புள்ளைத்தாச்சியா?" என்று கேட்டுக் கொண்டே போய், விளக்கை அணைத்தாள்.

அரை மணி கழித்து டார்ச் அடித்துப் பார்த்தோம். சுவர் காலியாக இருந்தது. வாசலுக்கு அப்பால் தெருவிளக்கைச் சுற்றி இன்னும் நூறு சிறகுகள் பறந்து கொண்டிருந்தன.

"அதை யாரும்மா அணைக்கிறது?" என்றாள் ஆயா.