மூன்று தட்டும் 90 கார்டும்

சென்னைப் புறநகர் சேலையூரில் அந்த வீட்டுப் படியேறியபோது இரவு மணி எட்டரை. ஒன்றரை வயதுச் சின்னவன் தூளியில் தூங்கிவிட்டிருந்தான். ஐந்து வயதுப் பெரியவள் உள்ளறையில் பாட்டியிடம் கதை கேட்டுக்கொண்டிருந்தாள். கூடத்தில் பாயை விரித்து, கழுவிக் கவிழ்த்திருந்த எவர்சில்வர் தட்டுகளில் மூன்றைத் துடைத்து வரிசையாக வைத்தார் அந்த வீட்டுப் பெண். “உக்காருங்கண்ணா. இவன் முழிச்சுக்கறதுக்குள்ள பாதியாவது முடிச்சிடலாம்.” அவர் கணவர் 90 கார்டுக் கட்டை நன்றாகக் கலைத்து, தட்டுக்கு ஒரு கார்டாகக் கவிழ்த்துப் போட்டார். நடுவில் 87 கார்டு மிச்சம் இருந்தது.

அவர்கள் ஆடுவது ‘மேஜிக் த கேதரிங்’. அதில் டிராஃப்ட் என்ற வகையைப் பார்க்கத்தான் போயிருந்தேன். தொண்ணூறுகளில் பள்ளிக்கூட வாசல் கடையில் வாங்கிய மல்யுத்த டிரம்ப் கார்டுகளில், கைக்கு வந்ததை வைத்து ஆடினோம். டிராஃப்டில் கார்டுகளைத் தேர்ந்தெடுப்பதே பாதி ஆட்டம். எட்டுப் பேர் வட்டமாக உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பேக்கைப் பிரிப்பார்கள். ஒரு கார்டை வைத்துக்கொண்டு மீதியைப் பக்கத்தில் இருப்பவருக்குத் தள்ள வேண்டும். பேக்குக்கு 15 கார்டு என்றால் மூன்று சுற்றில் ஆளுக்கு 45 கார்டு சேரும். அதில் 23 தேறினால் போதும். அதோடு ‘லேண்ட்’ எனப்படும் கார்டு 17 சேர்த்து 40 கார்டில் ‘டெக்’ எனும் ஆட்டக் கட்டை அமைக்க வேண்டும். மற்ற கார்டுகளை இறக்கத் தேவையான சக்தியைக் கொடுப்பது லேண்ட்தான். டெக் கட்டி, மூன்று பேரோடு மோதி எழுந்திருக்க மூன்று நான்கு மணி நேரமாவது ஆகிவிடும். கைக்குழந்தை உள்ள வீட்டில் இது நடக்காது.

இருவர் மட்டும் ஆட ‘வின்ஸ்டன் டிராஃப்ட்’ என்று ஒரு முறை உண்டு. அந்த மூன்று தட்டும் அதற்குத்தான். மேஜிக்கை உருவாக்கிய ரிச்சர்ட் கார்ஃபீல்டே வகுத்தது. அவர் கணிதத்தில் முனைவர் பட்டம் பெற்றவர். பெரிய ஆட்டங்களுக்கு நடுவே கிடைக்கும் இடைவெளியில், எங்கேயும் எடுத்துப்போய்ச் சட்டென்று ஆடி முடிக்க ஒன்று வேண்டும் என்று பதிப்பாளர் பீட்டர் அட்கிசன் கேட்டதால் 1993-ல் வந்தது மேஜிக். இடைவெளி நேரத்துக்கென்றே பிறந்த ஆட்டம் என்பதால் பிள்ளை பெற்றவர்களுக்கு இது பொருந்துவதில் வியப்பில்லை.

வின்ஸ்டன் விதி எளிது. உங்கள் முறை வந்தால் முதல் தட்டை எதிராளி பார்க்காமல் நீங்கள் மட்டும் பார்க்கலாம். பிடித்தால் தட்டோடு எடுத்துக்கொண்டு, காலியான இடத்தில் கட்டிலிருந்து ஒரு புதுக் கார்டை வைக்க வேண்டும். வேண்டாமென்றால், கட்டிலிருந்து ஒன்றைப் பார்க்காமலே அந்தத் தட்டில் சேர்த்துவிட்டு இரண்டாவதைப் பார்க்கலாம். அதுவும் வேண்டாமென்றால் அதே மாதிரி மூன்றாவது. மூன்றையும் விட்டால் கட்டின் மேல் கார்டு உங்களுக்கு. விட விடத் தட்டு கனத்துக்கொண்டே போகும்.

நான் பார்த்ததில் ஒரே ஒரு முறையை மட்டும் விரிவாகச் சொல்கிறேன். பத்துப் பன்னிரண்டு முறை ஆகியிருந்தது. மேஜிக் கார்டுகளுக்கு வண்ணம் உண்டு. அந்தப் பெண்ணின் கையில் பச்சையும் கருப்பும் சேர்ந்துகொண்டிருந்தன, சிவப்பு இரண்டுதான். முதல் தட்டில் ஒரே கார்டு. எடுத்துப் பார்த்தார். லைட்னிங் போல்ட். ஒரே ஒரு சிவப்புச் சக்தி செலவில் எதிராளிக்கோ அவர் இறக்கிய பிராணிக் கார்டுக்கோ 3 சேதம். 1993-ன் முதல் தொகுப்பிலிருந்தே வரும் கார்டு. புதிதாக ஆட வருபவர்கள் கண்ணை மூடிக்கொண்டு எடுத்துக்கொள்வார்கள்.

அப்போது தூளி அசைந்தது. யாருடைய முறையோ அவர் உட்கார்ந்திருக்க, மற்றவர் எழுந்து போக வேண்டும் என்பது அவர்கள் வீட்டு ஏற்பாடு. அன்று பிள்ளைக்கு அம்மாதான் வேண்டியிருந்தது. போல்ட்டைத் தட்டிலேயே கவிழ்த்துவிட்டு, எழுந்திருக்கும் முன் உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தார். கணவர் மூன்று தட்டையும் கட்டையும் எடுத்து ஃப்ரிட்ஜ் மேல் வைத்தார். தட்டுக்கு விளிம்பு இருப்பதால் கார்டு நழுவாது. முன்பு பாயிலேயே அடுக்கி ஆடியபோது சின்னவன் தவழ்ந்து வந்து ஒரு கார்டைக் கடித்து, மூன்று அடுக்கையும் ஒன்றாக்கியிருக்கிறான். அன்றிலிருந்துதான் தட்டு.

அந்த இருபத்தைந்து நிமிடத்தில் பேத்தியைத் தூங்கவைத்துவிட்டுப் பாட்டி வெளியே வந்தார். “முதல்ல எனக்குப் பிடிக்கலப்பா. சீட்டு பூந்த வீடு வெளங்காதுன்னு கேட்டு வளந்தவ நான்” என்றார். தமிழில் ‘சீட்டு’ என்ற சொல் சுமக்கும் பாரம் லேசானதல்ல. சீட்டாட்டம், ஏலச்சீட்டு, லாட்டரிச் சீட்டு என்று எல்லாவற்றிலும் யாரோ ஒருவர் வீட்டுப் பணம் போயிருக்கிறது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரிச் சீட்டைத் தடை செய்தபோது நிம்மதிப் பெருமூச்சு விட்ட தலைமுறை அவருடையது. “காசு வெக்கலன்னு தெரிஞ்சப்புறம்தான் மனசு ஆறிச்சு. இப்ப பேத்திகூட வண்ணம் பிரிச்சுக் குடுக்கறா.”

பாட்டியின் பயத்தில் நியாயம் இருக்கிறது என்பது என் கருத்து. மூடிய பேக்கைப் பிரிப்பதில் லாட்டரிச் சீட்டைச் சுரண்டுகிற கிளர்ச்சி கொஞ்சம் உண்டு. ஒரு பேக்குக்குச் சில நூறு ரூபாய் ஆகும். உள்ளே அபூர்வ கார்டு இருக்குமா என்று பிரித்துக்கொண்டே போனால் மாதச் சம்பளத்தில் ஓட்டை விழும். இந்தத் தம்பதி அந்தப் பக்கம் போவதில்லை. சாதாரண கார்டுகளாகவே 180 பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் பிளாஸ்டிக் உறை போட்டு, மறுபடி மறுபடி அதையே கலைத்து, இருவர் மட்டும் ஆடும்போது அதில் 90 எடுத்து டிராஃப்ட் செய்கிறார்கள். இதற்கு ‘கியூப்’ என்று பெயர். ஒரு தடவை செலவு செய்தால் வருடக்கணக்கில் ஆடலாம்.

பிள்ளை மறுபடி கண்ணயர்ந்ததும் தட்டுகள் பாய்க்கு வந்தன. போல்ட்டை விட்டார். அதன்மேல் ஒரு கார்டு விழுந்தது. இரண்டாவது தட்டையும் விட்டார். மூன்றாவதில் இருந்த ஐந்தையும் வாரிக்கொண்டார். ஏன் என்று எனக்குப் பிடிபடவில்லை. ஆட்டம் முடிந்து அடுக்களையில் பால் காய்ச்சும்போது கேட்டேன். அப்போதுதான் அந்த முணுமுணுப்பு என்னவென்று தெரிந்தது: “மூணாம் தட்டுல நான் பாத்தது மூணு, அதுல பச்சை ரெண்டு. அவர் பாத்தும் வேணாம்னது ஒண்ணு. யாருமே பாக்காதது ஒண்ணு.”

கணக்கு இதுதான். சில முறைகளுக்கு முன் அந்தத் தட்டில் மூன்று கார்டைப் பார்த்து விட்டிருக்கிறார். விட்டதால் ஒன்று சேர்ந்து நான்கு. கணவர் நான்கையும் பார்த்தார், அவரும் விட்டார், ஐந்தானது. நல்ல பச்சைக் கார்டு இரண்டு இருந்தும் அவர் தொடவில்லை என்றால் பச்சை அவருக்கு வேண்டாம். ஆக, பச்சை முழுக்க இவருக்கு. தட்டில் தெரிந்தது மூன்று, அரைகுறையாகத் தெரிந்தது ஒன்று, தெரியாதது ஒன்று. இன்னும் தேற வேண்டிய கார்டு நிறைய இருக்கும் கட்டத்தில், தன் வண்ணமல்லாத ஒரு நல்ல கார்டைவிடத் தன் வண்ணத்தில் இரண்டு நிச்சயமும் இரண்டு வாய்ப்பும் மேல்.

இவ்வளவையும் ஒரு வாக்கியமாக்கி, கடைக்குப் போகிற பிள்ளை சாமான் பெயரைச் சொல்லிக்கொண்டே ஓடுவதுபோல் சொல்லிக்கொண்டு எழுந்திருக்கிறார். தூளியை ஆட்டும்போதும் உள்ளே அது ஓடுகிறது. “நடுவுல எழுந்து போறதாலதாண்ணா நான் வார்த்தையா சொல்லிப் பழகினேன். முன்னெல்லாம் கண்ணால பாத்து எடுத்துடுவேன். ஏன் எடுத்தேன்னு கேட்டா சொல்லத் தெரியாது.” இரண்டாவது பேறுகாலத்தின் 26 வார விடுப்பில் கணவர் கற்றுக்கொடுத்த ஆட்டம் இது. இப்போது பத்துக்கு ஆறேழு ஆட்டம் இவர் பக்கம்.

அன்று இவர்தான் தோற்றார். அவருடைய கடைசி 3 உயிர்ப் புள்ளியை எடுத்தது அதே லைட்னிங் போல்ட். கணவர் அடுத்த முறையிலேயே அந்தத் தட்டை எடுத்திருந்தார்.

படுக்கப் போகும் முன் தினசரிக் காலண்டரில் அன்றைய தாளைக் கிழித்து, பின்பக்கம் எழுதினார். டிராஃப்ட் செய்யும் நாள்களில் அவர் செய்வது அது. சந்தேகப்பட்ட இடங்கள் மட்டும், அதிகம் போனால் மூன்று. முதல் வரி: போல்ட் விட்டேன், ஐந்து எடுத்தேன், மூன்று தேறியது. “தோத்துட்டோம்கறதால எடுத்தது தப்பாயிடாது. நாளைக்கு வந்தாலும் விடத்தான் செய்வேன்” என்றார். அடிக்கோடு போட்டது அடுத்த வரிக்கு. ஆறு சக்தி கேட்கும் பெரிய பிராணி கையில் மூன்று இருக்க, நான்காவதையும் எடுத்திருந்தார். 40-ல் 17 லேண்ட் என்றால் முதலில் வரும் 7 கார்டில் சராசரியாக மூன்றுதான் லேண்ட். ஆறு சேரும்வரை பெரிய பிராணிகள் கையிலேயே உட்கார்ந்திருக்கும். அதற்குள் சிறியவை வந்து அடித்துவிட்டுப் போகும். அன்று தோற்றது அதனால்தான், போல்ட் முடித்துவைத்தது மட்டுமே.

தாள்களை ஒரு கிளிப்பில் கோத்து வைத்திருக்கிறார். புரட்டச் சொல்லிக் கொடுத்தார். அறுபது எழுபது தாள் இருக்கும். சிலவற்றில் பால் கறை, ஒன்றில் பெரியவள் கிரேயானில் போட்ட கோலம். அவருக்குத் தாம்பரம் சானடோரியத்தில் மெப்ஸ் ஏற்றுமதி வளாகத்தில் வேலை. போகிற பேருந்தில் பழைய தாள்களைப் படிப்பாராம். தன் தவறுகளில் பாதி, டிராஃப்டின் கடைசிக் கால்பகுதியில் பெரிய பிராணிக்கு ஆசைப்படுவதுதான் என்று அப்படிப் படித்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார். வாரத்துக்கு ஒன்றோ இரண்டோ டிராஃப்ட் மட்டும் ஆடுகிற ஒருவர் இவ்வளவு தேறியது எப்படி என்பதற்கு அந்தக் கிளிப்பே போதிய சாட்சி.

மாதத்தில் ஒரு ஞாயிறு பெருங்களத்தூரிலிருந்தும் குரோம்பேட்டையிலிருந்தும் இரண்டு நண்பர்கள் வர, நால்வர் டிராஃப்ட் நடக்கும். 180 கார்டும் சரியாகத் தீரும். நான்கு பேர் என்பதால் முதலில் பார்த்த 15 கார்டு அடுக்கு ஐந்தாவது பிக்கில், அதாவது ஐந்தாவது தேர்வில், 11 ஆகத் திரும்பி வரும். காணாமல் போன நான்கில் ஒன்று நீங்கள் எடுத்தது. மற்ற மூன்றின் வண்ணத்தைப் பார்த்தால் யார் எந்தப் பக்கம் போகிறார்கள் என்று தெரியும். அன்றைக்குப் பிள்ளைகள் பாட்டியோடு மாடம்பாக்கம் கோயிலுக்குப் போய்விடுவார்கள்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் வீடுகளில் அப்பாவின் கிரிக்கெட்டுக்கும் கேரமுக்கும் நேரம் ஒதுக்கப்பட்டிருக்கிறது. குழந்தை பிறந்ததும் அம்மாவின் பொழுதுபோக்குதான் முதலில் பரணுக்குப் போகிறது. இந்த வீட்டில் அப்படி ஆகாமல் இருக்கக் காரணம் விளையாட்டு மட்டுமில்லை. பிள்ளை அழும்போது எழுந்திருக்கிற கணவரும், வெறுப்பை விட்டுக் கதை சொல்ல உட்கார்ந்த மாமியாரும்தான்.

என் வீட்டிலும் நான்கு வயதுப் பையன் இருக்கிறான். அவன் தூங்கிய பிறகு பதினொரு மணிக்குக் கைபேசியில் மேஜிக்கின் அரீனா செயலியைத் திறந்து, தூக்கக் கலக்கத்தில் டிராஃப்ட் செய்துகொண்டிருந்தேன். மனிதர்களோடு ஆடும் டிராஃப்டில் கடிகாரம் ஓடும். பையன் எழுந்தால் பிக் கைவிட்டுப் போகும். ஆறு மாதம் ஆடியும் தேறவில்லை. சேலையூர் போய்வந்ததிலிருந்து, எந்திரத்தோடு கார்டு தேர்ந்தெடுக்கும் ‘குயிக் டிராஃப்ட்’ மட்டும்தான். அதில் தேர்வுக்கு நேரக் கெடு கிடையாது. பாதியில் விட்டு மறுநாள் தொடரலாம். தாளும் எழுதுகிறேன்.

கைக்குழந்தையோடு இதைத் தொடங்க நினைப்பவர்கள் எட்டுப் பேருக்காகக் காத்திருக்க வேண்டாம், பேக் வாங்கவும் அவசரப்பட வேண்டாம். சாதாரண கார்டு 90, கொஞ்சம் லேண்ட், விளிம்பு வைத்த தட்டு மூன்று, ஆட இன்னொருவர் போதும். பிள்ளை அழுதால் எழுந்து போங்கள். போகும் முன் தட்டில் என்ன இருக்கிறது என்பதை ஒரு வாக்கியமாகச் சொல்லிக்கொண்டு போங்கள்.