முதல் பந்தியில் அத்தை

எங்கள் மம்சாபுரத்துக்கும் கடலுக்கும் வெகு தூரம். மேற்கே பார்த்தால் மலை. ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகிற உள்பாதையில் தோப்பும் வயலுமாக இருக்கிற ஊர். அப்படிப்பட்ட ஊரிலிருந்து நாங்கள் கப்பலில் போய் வந்தோம் என்றதும் அக்கம்பக்கத்தில் எல்லோரும் கேட்டது, "கடல் எப்படிம்மா இருந்துச்சு?" என்றுதான். கடல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது கப்பலில் இருந்த சாப்பாட்டு மேஜையைப் பற்றி.

2022 ஜூனில் சென்னைத் துறைமுகத்திலிருந்து உல்லாசக் கப்பல் புறப்பட ஆரம்பித்தது. சென்னையில் இருக்கும் என் கொழுந்தனார் எங்களுக்கும் டிக்கெட் எடுத்துவிட்டார். ஆடிப்பூரத் தேர் பார்த்து முடித்த கையோடு நானும், என் வீட்டுக்காரரும், ப்ளஸ் டூ படிக்கும் மகளும், எழுபது தாண்டிய என் மாமியாரும் கிளம்பினோம். இரண்டு இரவு கடலுக்குள் போய்த் திரும்புகிற பயணம்.

கப்பலில் சாப்பாடு இரண்டு விதம். ஒன்று, நாமே தட்டை எடுத்துக்கொண்டு வேண்டியதைப் போட்டுக்கொள்வது. மற்றொன்று சாப்பாட்டுக் கூடம். அங்கே இரவுச் சாப்பாடு நம் ஊர்க் கல்யாணம் மாதிரி பந்தி பந்தியாக நடக்கிறது. முதல் பந்தி ஏழு மணிக்கு, அடுத்தது ஒன்பதுக்கு. நான்கு பேர், ஆறு பேர், எட்டுப் பேர் என்று மேஜைகள். நாம் நான்கு பேராகப் போனால் முன்பின் தெரியாத இன்னொரு குடும்பத்தோடு சேர்த்து உட்கார வைத்துவிடுவார்கள்.

"எந்தப் பந்தி?" என்று கேட்டபோது என் வீட்டுக்காரர் யோசிக்காமல், "ஒன்பது மணிக்கே இருக்கட்டும். ஆட்டம் பாட்டம் எல்லாம் பார்த்துட்டு நிதானமா சாப்பிடலாம்" என்றார். எனக்கு அடிவயிறு பகீரென்றது.

ஏனென்று சொல்கிறேன். அந்த வருடம் தை மாதம் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு உறவுக் கல்யாணம். அத்தைக்குச் சர்க்கரை உண்டு. வழக்கம்போல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். ஆனால் சாப்பிட உட்காரவில்லை. "வந்தவங்க சாப்பிடட்டும், ஆம்பளைங்க சாப்பிடட்டும், பிள்ளைங்க சாப்பிடட்டும்" என்று சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு பரிமாறப் போய்விட்டார். மூன்றாம் பந்தி நடக்கும்போது உடம்பெல்லாம் வியர்த்து, கை நடுங்கி, தண்ணீர் டிரம் பக்கத்தில் அப்படியே சாய்ந்துவிட்டார். நல்ல வேளை, நினைவு இருந்தது. யாரோ சர்க்கரையைக் கரைத்துக் கொடுத்துக் காப்பாற்றினார்கள். சில வகை மாத்திரைகளைப் போட்டுக்கொண்டு சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால் சர்க்கரை மளமளவென்று இறங்கிவிடும் என்று டாக்டர் பின்னால் சொன்னார். நானும் அந்தக் கல்யாணத்தில் பக்கத்து வரிசைக்குப் பரிமாறிக்கொண்டுதான் இருந்தேன். "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த உறுத்தல் இன்னும் போகவில்லை.

அதனால் கப்பலில், "எங்களுக்கு முதல் பந்திதான் வேணும், வயசானவங்க இருக்காங்க" என்று போய்க் கேட்டேன். உடனே மாற்றிக் கொடுத்தார்கள். கேட்டால் கிடைக்கிறது, நாம்தான் கேட்பதில்லை.

எங்களுடையது எட்டுப் பேர் மேஜை. தூத்துக்குடியில் உப்பு வியாபாரம் பார்த்து ஓய்ந்த ஒரு பெரியவரும் அவர் மனைவியும், பெங்களூரிலிருந்து ஒன்றரை வயதுக் குழந்தையோடு வந்த இளம் தம்பதியும் எங்களோடு உட்கார்ந்தார்கள். அத்தை மட்டும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். "அந்நிய ஆம்பளைங்களுக்கு எதிர்த்தாப்புல உக்காந்து எப்படித் தாயி சாப்பிடுறது? நீங்க சாப்பிடுங்க, நான் பின்னாடி பாத்துக்கிறேன்" என்று என் காதில் சொன்னார். கப்பலில் பின்னாடி என்று ஒன்று கிடையாதே! என் மகள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

பரிமாறுகிற பையன் உணவுப் பட்டியல் அட்டையை அத்தையிடம் முதலில் நீட்டி, என்ன வேண்டும் என்று கேட்டான். மகள் தமிழில் சொன்னாள். அத்தை என்னைப் பார்த்தார். "எது மீதி இருக்கோ அதைக் கொண்டாரச் சொல்லு" என்றார்.

மேஜையில் யாரும் பேசவில்லை. என் வீட்டுக்காரர்தான் மெல்ல, "அம்மா, உனக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார். ஐம்பது வயதில், பெற்ற தாயிடம், முதல் தடவையாக! அத்தை வெட்கப்பட்டுக்கொண்டு, "கத்திரிக்காய் மட்டும் வேண்டாம்ப்பா, எனக்கு ஆகவே ஆகாது" என்றார். எங்கள் வீட்டில் வாரத்தில் மூன்று நாள் கத்திரிக்காய்க் குழம்பு. இருபத்திரண்டு வருடமாக நான்தான் வைக்கிறேன். கடைசியில் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிட்டு எழுந்தவருக்கு எது பிடிக்கும், எது பிடிக்காது என்று எங்களில் யாருக்குத் தெரியும்?

சாப்பாடு வந்த பிறகும் தூத்துக்குடிப் பெரியவர் தட்டில் கை வைக்காமல் இருந்தார். "பெரியம்மா ஆரம்பிக்கட்டும்" என்றார். அத்தை ஆரம்பித்த பிறகுதான் எட்டுப் பேர் மேஜையும் சாப்பிட்டது. மறுநாள் இரவு அதே மேஜை, அதே முகங்கள். அத்தை பெங்களூர்க் குழந்தையை மடியில் வைத்து ரசம் சாதம் ஊட்டினார். அவர்களுக்குத் தமிழ் தெரியாது, இவருக்குக் கன்னடம் தெரியாது. குழந்தை சாப்பிட்டுவிட்டது.

கடலிலும் பந்தி வித்தியாசம் இருந்த காலம் உண்டாம். பழைய பெரிய கப்பல்களில் முதல் வகுப்புக்கு ஒரு சாப்பாட்டுக் கூடம், மற்ற வகுப்புகளுக்கு வேறு கூடம். நீண்ட மேஜை, தரையோடு முடுக்கிய நாற்காலி, அலையடிக்கும்போது தட்டு நழுவாமல் இருக்க மேஜை ஓரத்தில் சட்டம். பின்னால்தான் சின்னச் சின்ன மேஜைகள் வந்தன. 2000-இல் ஓர் அயல்நாட்டுக் கம்பெனி, வேண்டிய நேரத்தில் வேண்டியவர்களோடு உட்காரலாம் என்று புது வழக்கத்தைக் கொண்டுவந்தது. இன்று பல கப்பல்களில் இரண்டு முறையும் உண்டு.

போக நினைக்கும் சகோதரிகளுக்கு என் அனுபவத்தில் சில யோசனைகள். சென்னையிலிருந்து கப்பல் வருடம் முழுவதும் போவதில்லை. விசாரித்துக்கொண்டு பணம் கட்டுங்கள். கைக்குழந்தையோ, சர்க்கரை உள்ளவர்களோ இருந்தால் டிக்கெட் எடுக்கும்போதே முதல் பந்தி கேளுங்கள். குழந்தைக்கு உயர நாற்காலி வேண்டும் என்றும், சைவம் என்றும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். தலைசுற்றல் வருகிறவர்கள் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்து அறையாகப் பார்த்து எடுங்கள். அங்கே ஆட்டம் குறைவு. கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்கட்டும். வியர்த்து, கை நடுங்கி, படபடப்பு வந்தால் மூன்று தேக்கரண்டி குளுக்கோஸோ சர்க்கரையோ கரைத்துக் கொடுங்கள். கால் மணி நேரத்தில் தெளியாவிட்டால் மறுபடி கொடுத்து டாக்டரைக் கூப்பிடுங்கள். நினைவு தப்பியவர் வாயில் மட்டும் எதையும் ஊற்றக் கூடாது.

இதற்கெல்லாம் கப்பல்தான் ஏற வேண்டும் என்பதில்லை. ஊர் திரும்பியதும் வீட்டில் ஒரு மாற்றம் செய்தோம். இரவு எட்டு மணிக்குச் சட்டி பானைகளை நடுவில் கொண்டுவந்து வைத்துவிடுவேன். சுற்றி எல்லோரும் ஒன்றாக உட்காருவோம். அவரவருக்கு வேண்டியதை அவரவர் போட்டுக்கொள்வது. அப்பளம் எடுக்க அத்தை எழுந்தால் என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டு எழுந்துவிடுகிறார். கத்திரிக்காய் வாரத்தில் ஒரு நாள்தான், அன்றைக்கு அத்தைக்குத் தனியாக ஒரு பொரியல்.

அதற்கு அடுத்த மாதம் சொந்தத்தில் ஒரு காதுகுத்து. அத்தையை முதல் பந்தியில் உட்கார வைத்தேன். நம் ஊர் வழக்கப்படி அடுத்த பந்திக்காக ஒரு பையன் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றுகொண்டான். பழைய அத்தையாக இருந்தால் பாதிச் சாப்பாட்டில் இலையை மடித்திருப்பார். அன்று திரும்பிப் பார்த்து, "இரு தம்பி, எனக்கு இன்னும் மோர் வரல" என்றார்.